வினாடிக்கு ஆயிரம் சுற்று, எண்ணியது யார்?

போன சனிக்கிழமை டியூஷனில் படிவம் 4 பையன் ஒருவன் கேட்டான்: "சார், நியூட்ரான் நட்சத்திரத்தைச் சுத்தி வினாடிக்கு ஆயிரம் தடவை வாயு ஓடுதாமே, அதை யார் சார் உட்கார்ந்து எண்ணினது?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துறையின் உயிரே அந்தக் கேள்விதான்.

பின்னணி இவ்வளவுதான். சூரியனைவிட 1.4 மடங்கு கனமான ஒரு நியூட்ரான் நட்சத்திரம், குறுக்களவு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர். அது பக்கத்துத் துணை நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சுகிறது. வாயு நேராக விழாமல் வட்டாகச் சுழன்று, சூடேறி, எக்ஸ்-கதிர் வீசுகிறது. நம் காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடும் என்பதால் 1995 டிசம்பரில் நாசா ரோஸி என்ற செயற்கைக்கோளை ஏவியது. ஒவ்வொரு கதிர்த்துகளும் வந்த நேரத்தை மைக்ரோவினாடி சுத்தமாகக் குறிப்பது அதன் வேலையாக இருந்தது.

வாயு சுற்றும் வேகத்துக்கேற்ப அந்தக் கதிரும் கூடிக் குறைந்து ஒரு தாளம் போடும். சரி, அந்தத் தாளம் எங்கே? பல நட்சத்திரங்களில் ஒரு சுற்று முடிவதற்குள் வந்து விழுவது சில துகள்கள்தான். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தகரக் கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. அந்த இரைச்சலுக்குள், மூலையில் வாளியில் ஒழுகும் சொட்டின் தாளத்தைப் பிடிக்கச் சொன்னால் எப்படி?

ஒற்றை முள் கடிகாரம் ஒன்றை மனதில் வையுங்கள். முள்ளை வினாடிக்கு 800 சுற்று ஓடவிடுங்கள். ஒரு துகள் வரும்போது முள் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி வையுங்கள். தாளமே இல்லையென்றால் கள்ளுக்கடையிலிருந்து வந்தவர்போலத் தள்ளாடி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்பீர்கள். 800 என்ற தாளம் உள்ளே ஒளிந்திருந்தால் ஒரு பக்கமாகவே கூடுதல் அடிகள் விழும், நகர்ந்துகொண்டே போவீர்கள். அப்புறம் 801, 802 என்று கணினி எல்லா வேகத்தையும் சோதித்துப் பார்க்கும்.

ஆனால் இந்தத் தாளம் கச்சிதமானது இல்லை. உற்சாகத்தில் உறுமி அடிப்பவரின் நடைபோல முன்பின் நழுவும், அதனால் நெடுநேரம் நடந்தால் பாதை வளைந்து திரும்பிவிடும். இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம்: பதிவைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தத் திசையில் போனோம் என்பதை மறந்துவிட்டு, போன தூரத்தின் வர்க்கத்தை மட்டும் கூட்டினால் போதும். ஒரு துண்டில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கூட்டினால், தாளத்தின் வேகம் இருக்கும் இடத்தில் இரைச்சலுக்கு மேலே ஒரு மேடு எழும்பி நிற்கும்.

1996இல் அப்படி எழும்பிய மேடுகளில் ஒன்று விருச்சிகத் திசையில் உள்ள ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் நட்சத்திரத்தில் கிடைத்தது. எங்கள் சுங்கை சிப்புட்டில் விருச்சிக ராசிக்குப் பரிகாரம் என்று ஐம்பது ரிங்கிட் வாங்குகிறவர் உண்டு, அந்தத் திசையில் உண்மையாகவே நடக்கும் இந்தக் கூத்தை அவரிடம் சொன்னால் கேட்க மாட்டார். 2015இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் இதே வேலையைச் செய்தது. இந்த மாதிரிச் செலவை வீண் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

எண்ணியாயிற்று, லாபம் என்ன? வினாடிக்கு 1000 சுற்று என்றால், பள்ளிக்கூட ஈர்ப்புச் சூத்திரமே அந்தப் பாதையின் ஆரம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் என்று சொல்லிவிடும். இங்கிருந்து ஈப்போ போகும் தூரம்கூட இல்லை. வாயுவின் வேகமோ ஒளியில் மூன்றில் ஒரு பங்கு. நட்சத்திரம் அந்தப் பாதைக்குள் அடங்கியே ஆகவேண்டும்! பல நேரம் மேடு ஒன்றல்ல, இரண்டாக வருகிறது. வேகமானது வட்டின் உள்விளிம்புச் சுற்று என்று பலரும் கருதுகிறார்கள், மற்றது எதனால் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.