கம்போஸ்ட்: மக்கும் குப்பையும் மக்கிய எருவும்

மாடித்தோட்டம் போடத் தொடங்குகிறவர் காதில் முதல் வாரமே விழுகிற சொல் கம்போஸ்ட். சென்னையில் கொளத்தூர், மாதவரம் பக்கத்து நர்சரிகளில் மூட்டையாக விற்பதும் இதே பெயரில்தான். தமிழில் இதற்கு எரு, குப்பை, தொழுவுரம், மக்கு உரம், மட்கு உரம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. எதை எங்கே சொல்வது என்று தெரிந்துகொண்டால் செடியும் பிழைக்கும்.

லத்தீனில் 'ஒன்றாகச் சேர்த்து வை' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது கம்போஸ்ட். அச்சகத்தில் எழுத்துக் கோத்த கம்பாசிட்டரும் அந்த வேரில் வந்தவர்தான். இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் எரு தயாரிக்க வகுத்த இந்தூர் முறையும் இப்படிச் சேர்த்து அடுக்குவதுதான்: செடிக்கழிவு, சாணம், மண், விறகுச் சாம்பல்.

இந்தப் பொருளுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச்சொல் குப்பை. அதன் பழைய பொருள் குவியல். சங்கப் பாடலில் உப்புக் குவியலும் குப்பைதான். 'வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?' என்று ஓர் உழவர் கேட்டால் எருவைத்தான் கேட்கிறார். வடசென்னையில் குப்பை என்றதும் கொடுங்கையூர்க் கிடங்குதான் கண்முன் வரும். நல்ல சொல்லின் ஒரு பாதியை நகரம் இழந்துவிட்டது.

எருவும் பழைய சொல்தான். 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்கிறது 1038ஆம் குறள். உரம் என்றால் முதலில் வலிமை. நெஞ்சுரத்தில் இருப்பது அதுதான். மண்ணுக்கு வலுவூட்டுவது என்ற பொருளில் யூரியாவும் உரம்தான் என்பதால், இயற்கைத் தோட்டக்காரர் வெறுமனே 'உரம்' என்று கேட்டு வாங்கக் கூடாது.

மட்குதல் என்பதற்கு ஒளி மழுங்குதல் என்றும் ஒரு பொருள் உண்டு. பச்சை இலை நிறம் மங்கி, உரு அழிந்து, கருத்த தூளாவதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. வெட்கம் பேச்சில் வெக்கம் ஆவதுபோல மட்கு மக்கு ஆனது. குப்பைத் தொட்டியில் 'மக்கும் குப்பை' என்று எழுதியிருப்பதால் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. செயலுக்கு மட்குதல், பொருளுக்கு மக்கு எரு அல்லது மட்கு உரம்: எங்கள் பரிந்துரை இதுதான். வேளாண் பரிந்துரைகளில் வரும் 'மக்கிய தொழு உரம்' இன்னும் நுட்பமானது, அந்த 'மக்கிய' என்ற இறந்தகாலத்துக்காகவே. மக்கும் பொருள் வேறு, மக்கிய பொருள் வேறு. புதியவர்களின் செடி வாடுவதற்கு இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பெரிய காரணம். பாதி மக்கியதைத் தொட்டியில் போட்டால், மிச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும். அடி இலையிலிருந்து மஞ்சளாகும். சூடு அடங்காத எரு வேரையும் கருக்கும்.

அதனால் வீட்டில் எரு செய்ய இரண்டு வாளி வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் அடியில் எட்டுப் பத்துத் துளை, பக்கவாட்டில் இரண்டு வரிசைத் துளை, ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு. செங்கல் மேல் தூக்கி வைத்து அடியில் தட்டு வையுங்கள். முதலில் நான்கு விரல் உயரம் காய்ந்த சருகு. பிறகு தினமும் ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகோ தென்னை நார்த்தூளோ போட்டு மூடுங்கள். கரும்புச்சாறு வண்டிச் சக்கையும் ஆகும். வெயிலில் நன்றாகக் காயவைத்து நறுக்கிப் போடாவிட்டால் எறும்பும் ஈயும் மொய்க்கும். பூக்கடைக் கழிவில் வாழைநார் மக்கும், நைலான் நூல் மக்காது, உருவி எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ ஒரு பிடி சாணக் கரைசலோ போதும். வாரம் இருமுறை கிளறுங்கள். வாளி நிறைந்ததும் அதில் புதிதாக எதையும் போடாமல் மூடி வைத்து, இரண்டாவதைத் தொடங்குங்கள். முதல் வாளி 'மக்கிய' என்ற பெயருக்கு வர, சென்னை வெயிலில் நிறைந்த நாளிலிருந்து 45 முதல் 60 நாள்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். தடித்த வெளிர்நிறப் புழுக்கள் பெரும்பாலும் கரும்படை ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், செடிக்குக் கெடுதல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி இல்லாத வாளி குழம்பாகிவிடும்.

கடலோரத்துக்கென்று தனிக் கவனம் உண்டு. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்பேறிய போர் தண்ணீரையும், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரையும் வாளியில் ஊற்றாதீர்கள். உப்பு எருவிலேயே தங்கி இலை நுனியைக் கருக்கும். மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ நல்லது. எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கும். கீரைக்குப் போகும் எருவில் அது வேண்டவே வேண்டாம். காசிமேட்டு மீன் கழிவையும் சிறு வாளியில் போடாதீர்கள், பூனையும் எலியும் வரும். அதற்கு மீன் அமிலம் என்ற தனி வழி இருக்கிறது: மீன் கழிவும் நாட்டுவெல்லமும் சம எடை, இறுக மூடி நிழலில் 21 நாளுக்குக் குறையாமல் ஊறவிட்டு, வடித்து, ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. கலந்து தெளிப்பது.

மக்கிய எரு கருப்பாக, தூளாக, முதல் மழை மண்ணின் வாசனையோடு இருக்கும். போட்ட தோலும் காம்பும் அடையாளம் தெரியாது. ஐயமிருந்தால் ஈரமாக ஒரு பிடி எடுத்துப் பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்தால் நாற்றம் அடிக்கக் கூடாது. அந்த எருவில் வெந்தயம் பத்து விதைத்து, குறைந்தது எட்டு முளைக்கிறதா என்றும் பாருங்கள். தேறியதைச் சலித்து, செம்மண், நார்த்தூள், எரு மூன்றையும் சம அளவில் கலந்தால் தொட்டிக் கலவை தயார். ஏற்கெனவே வளர்ந்த செடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு பிடி, தண்டை ஒட்டாமல்.

கடையில் வாங்குகிறவர்களும் 'கம்போஸ்ட் இருக்கா?' என்பதோடு நிற்காமல் 'நல்லா மக்கினதா?' என்று கேட்டு, மூட்டைக்குள் கை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அது இன்னும் மக்குகிறது; வாங்கினாலும் நிழலில் பரப்பி, ஈரம் காயாமல் மூன்று வாரம் வைத்திருந்து பிறகே தொட்டிக்குப் போடுங்கள்.