லோ ரேஞ்ச்: கீழ்வரிசை

சேலத்துப் பட்டறைகளில் 'லோ' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஏற்காட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் "லோ கியர்ல வாங்க" என்றால், முதல் கியரோ இரண்டாவதோ போடச் சொல்கிறார்கள். காப்பித் தோட்டத்துச் சேற்றில் சிக்கிய ஜீப்பைப் பார்த்து "லோ போடுங்கண்ணா" என்றால் பேச்சே வேறு. பெரிய கியர் ராடை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன ராடை இழுக்கச் சொல்கிறார்கள். முன்னது லோ கியர், பின்னது லோ ரேஞ்ச். இரண்டையும் 'குறைந்த கியர்' என்றே தமிழில் எழுதிவிடுவதால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல.

கியர் என்பது ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் உடை, கவசம், தளவாடம் ஆகியவற்றைக் குறித்தது. இயந்திரத்தின் பல்சக்கரத்துக்குப் பெயரானது பிற்பாடுதான். ரேஞ்ச் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர்ப்பொருள் வரிசை, வரிசையில் நிறுத்துதல். ராங்க் என்ற சொல்லும் இதே குடும்பம். சேர்வராயன் மலைத்தொடரை ரேஞ்ச் என்பதும் இந்தப் பொருளில்தான். எட்டும் தூரம், வீச்சு என்கிற பொருள் பின்னால் சேர்ந்தது.

நம் கலைச்சொல்லாக்கம் வழி தவறுவது இங்கேதான். ரேஞ்ச் என்றதும் துப்பாக்கியும் வானொலியும் நினைவுக்கு வர, 'தாழ்வீச்சு' என்று போட்டுவிடுகிறோம். வண்டிக்குள் வீச்சு எதுவும் இல்லை, இருப்பது வரிசை. ஐந்து கியர் வண்டியில் சின்ன ராடை லோவுக்கு மாற்றினால் கூடுதலாக ஒரு கியர் கிடைப்பதில்லை. அதே ஐந்தும் இன்னும் மெதுவான, இன்னும் வலுவான இன்னொரு ஐந்தாக மாறிவிடுகின்றன. ஆகவே ஹை ரேஞ்சுக்கு மேல்வரிசை, லோ ரேஞ்சுக்குக் கீழ்வரிசை என்பதே என் தேர்வு. கியருக்குப் பல்லிணை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக ஒன்று இருந்தால் பல்சக்கரம், இரண்டு பல்லோடு பல் சேர்ந்தால் பல்லிணை என்று பிரித்தாள்வது நல்லது. முழுப்பெயர் வேண்டுமென்றால் கீழ்வரிசைப் பல்லிணை.

இது கியர் பெட்டிக்குள் இல்லை. அதற்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற தனிப் பெட்டியில் இருக்கிறது. 'மாற்றுப் பெட்டி' என்று சிலர் எழுதுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எஞ்சின் திறனை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிடுகிற அதற்குப் பகிர்வுப் பெட்டி என்ற பெயரே பொருந்தும். மேல்வரிசையில் சுழற்சி பெரும்பாலும் அப்படியே அச்சுக்குப் போகிறது. கீழ்வரிசையில் நடுவே ஒரு பல்லிணை நுழைந்து வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுகிறது. மஹிந்திராவின் தார் ஜீப்பில் இந்த விகிதம் 2.48, மாருதி சுசூகியின் ஜிம்னியில் ஏறத்தாழ 2. முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும் தார், லோவில் அதே எஞ்சின் சுழற்சிக்கு 4 கிலோமீட்டர் ஊரும். சக்கரத்தில் முறுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நட்டு கழலாதபோது ஸ்பேனரில் பைப் மாட்டித் திருப்புகிற அதே கணக்கு.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியிலெல்லாம் கீழ்வரிசை இருக்கும் என்பது தப்பு. 2014-இல் இங்கே வந்த ரெனோ டஸ்டர் காரின் ஆல் வீல் டிரைவ் வகையில் அது கிடையாது. அதை ஈடுகட்ட முதல் கியரையே குட்டையாக, அதாவது இன்னும் மெதுவாகவும் வலுவாகவும் வைத்தார்கள். ஜப்பானின் சுபாரு நிறுவனம் சில கார்களில் ஆல் வீல் டிரைவோடு கீழ்வரிசையும் கொடுத்தது, ஆனால் விகிதம் ஒன்றரையைக்கூட எட்டாது. கரட்டுப் பாறை ஏற அது போதாது. டிரெய்லரோடு ஏற்றத்தில் கிளம்பும்போது கிளட்ச் கருகாமல் காக்கும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தார்ச்சாலை என்பதால் அங்கே சின்ன ராடுக்கு வேலையே இல்லை. போட்டால் கேடுதான். ஜீப், மாருதி ஜிப்ஸி, ஜிம்னி, தார் வகையில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரன்ஷியல் நடுவே கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு அச்சிலும், ஷாஃப்டு மூட்டான கிராஸிலும் ஏறி நிற்கும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி திக்கித் திக்கி நகரும். சிலர் இதைப் பார்த்துவிட்டு பவர் ஸ்டியரிங் கெட்டுவிட்டதாகப் பட்டறைக்கு வருகிறார்கள்.

கீழ்வரிசைக்கான இடம் தோட்டங்களுக்குள் இருக்கிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்றும் இந்தச் சரிவுகளில்தான் விளைகிறது. ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு பழம் பறிப்பு தொடங்கும். மூட்டை ஏற்றிய வண்டி வழுக்கும் செம்மண்ணில் ஏற வேண்டும். இறக்கத்தில் லோவின் அருமை இன்னும் தெரியும். முதல் கியரில் விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. அங்கே மட்டும் கிளட்சை மிதித்துவிடக் கூடாது. மிதித்தால் அந்தப் பிடி அந்த நொடியே போய்விடும்.

பழுது என்று வந்தால் "லோ வேலை செய்யல" என்று சொன்னால் போதாது. விழவில்லையா, விழுந்தும் நிற்கவில்லையா, நின்றும் இழுக்கவில்லையா என்று பிரித்துச் சொன்னால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம்.

விழாத லோ பெரும்பாலும் ஓட்டுபவரின் அவசரம். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, பெரிய ராடை நியூட்ரலில் வைத்த பிறகுதான் சின்ன ராடைத் தொட வேண்டும். பல்லுக்குப் பல் நேர்படாமல் இடித்தால் வண்டியை ஒரு சாண் நகரவிட்டு மறுபடி போடலாம். அடித்துத் தள்ளினால் பல்லின் முனை மழுங்கும். இரட்டைச் சின்ன ராடு வைத்த பழைய ஜீப்பில் இன்னொரு காரணமும் உண்டு: முன் அச்சை இணைக்காமல் லோ விழாது. முறுக்கு முழுவதும் பின் அச்சில் மட்டும் ஏறி அது முறிந்துவிடாமல் இருக்க, பெட்டிக்குள்ளேயே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

விழுந்த லோ, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் நியூட்ரலுக்கு வந்துவிடுவது ஆபத்தான பழுது. சரிவில் வண்டி பின்னால் உருளும். பல்லை நகர்த்திச் சேர்க்கும் செலக்டர் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், ராடைப் பிடித்து வைக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பல் மழுங்கியிருக்கலாம். ஜிப்ஸி என்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கீழே படுத்துப் பாருங்கள். அதில் பகிர்வுப் பெட்டி கியர் பெட்டியோடு ஒட்டாமல், சுழற்சியைக் கடத்தும் குட்டையான ஒரு தண்டுக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) பின்னால் ரப்பர் மவுண்டுகளில் தனியே தொங்குகிறது. ரப்பர் கிழிந்திருந்தால் முறுக்கு ஏறும்போது பெட்டியே திரும்பும். அதோடு ராடும் இழுபட்டு லோ கழன்றுவிடும். மவுண்டு மாற்றினால் தீருகிற வேலைக்குப் பெட்டியை இறக்கிப் பிரிப்பது வீண் செலவு. அதே நேரத்தில் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்து, ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்கைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். கியர் பெட்டி ஆயில் வேறு, இதன் ஆயில் வேறு. மாற்றும்போது பலர் மறப்பது இதைத்தான். விரலில் ஒட்டும் ஆயிலில் வெள்ளித்தூள் போல் மின்னினால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. அப்போது பிரித்தே ஆக வேண்டும்.

லோ விழுந்து, நிற்கவும் நின்று, பின்சக்கரம் மட்டும் சேற்றைக் கிளறினால் குறை பகிர்வுப் பெட்டியில் இல்லாமலும் போகலாம். பழைய ஜிப்ஸியில் இறங்கிப் போய் முன்சக்கர ஹப்பை, அதாவது சக்கரத்தை அச்சோடு இணைக்கும் நடுப்பகுதியை, கையால் பூட்டியாக வேண்டும். ஜிம்னியில் அதைக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் செய்கிறது. குழாயில் ஒரு கீறல் விழுந்தாலே ஹப் பூட்டாது. முதலில் குழாயைப் பாருங்கள்.