ஃப்ரெட்டர்னிட்டி: 'சகோதரத்துவம்' என்று எழுதினால் ஏன் பொருந்தாது?

அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பையோ இரங்கல் குறிப்பையோ தமிழாக்கும்போது, "கல்லூரி நாட்களில் ஒரு சகோதரத்துவத்தில் சேர்ந்தார்" என்ற வரி வந்துவிடுகிறது. எந்திர மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் இதையே தருகிறது. தமிழில் சகோதரத்துவம் என்பது ஒரு பண்பு. பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்திலும் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையிலும் இருப்பது அந்தப் பண்புதான். பண்பில் யாரும் விண்ணப்பித்துச் சேர்வதில்லை. அந்த அமெரிக்கர் சேர்ந்தது ஃப்ரெட்டர்னிட்டி எனப்படும் ஒரு மாணவர் அமைப்பில். சந்தா, கிளை, நிர்வாகிகள், சடங்கு, பெரும்பாலும் சொந்தக் கட்டடம் எல்லாம் கொண்ட அமைப்பில்.

ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்லுக்கு வேறு பயன்பாடுகளும் உண்டு. மருத்துவ ஃப்ரெட்டர்னிட்டி என்றால் மருத்துவர் சமூகம். சினிமா ஃப்ரெட்டர்னிட்டி என்றால் திரையுலகினர். அங்கே சகோதரரை இழுத்து வரத் தேவையே இல்லை. இங்கே பார்க்கப்போவது கல்லூரிப் பொருளை மட்டும்.

சொல்லின் வேர்

லத்தீனில் ஃப்ராட்டர் என்றால் உடன்பிறந்தவன். அதிலிருந்து ஃப்ராட்டர்னிடாஸ், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தின் பிரதர், வடமொழியின் ப்ராத்ரு இரண்டும் இதே வேர்தான். இதே வேர் கிரேக்கத்தில் போன வழி வேறு. அங்கே ஃப்ராட்டெர் என்ற சொல், ஒரே குலக்குழுவைச் சேர்ந்தவன் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. கூடப் பிறந்தவனுக்கு அடெல்ஃபோஸ் என்ற வேறு சொல் நிலைத்தது. ஒரே கருப்பையிலிருந்து வந்தவன் என்பது அதன் பொருள். நம்மிடம் புழங்கும் சகோதரனும் அப்படிக் கட்டப்பட்ட சொல்தான்: ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில் பிறந்தவன்.

ஆகவே சகோதரன், உடன்பிறப்பு இரண்டுமே பிறப்பைச் சொல்லும் சொற்கள். கல்லூரி ஃப்ரெட்டர்னிட்டியோ கூடப் பிறக்காதவர்கள் சடங்கு செய்து சகோதரர் ஆகும் இடம். தமிழ் வழக்கில் இதற்கென்றே ஒரு முன்னொட்டு இருக்கிறது. 'உடன்பிறவாச் சகோதரி' என்று சொல்லாத ஊர் கிடையாது. உடன் பிறந்தே கொல்லும் நோயையும், உடன்பிறவா மாமலையிலிருந்து வந்து அதைத் தீர்க்கும் மருந்தையும் மூதுரை அருகருகே வைக்கிறது. தேவையான பொருள் அந்த 'பிறவா'வில் இருக்கிறது.

அமைப்பு பிறந்த கதை

1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஃபை பேட்டா கப்பா, கிரேக்க எழுத்துகளால் பெயர் வைத்துக்கொண்ட முதல் மாணவர் அமைப்பு. 'ஞானத்தின் மீதான காதலே வாழ்வின் வழிகாட்டி' என்ற கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. ரகசியக் கைகுலுக்கல், குறிக்கோள் வாசகம், பதக்கம் என்று பின்னால் வந்தவை எல்லாவற்றுக்கும் முன்மாதிரி அங்கே இருந்தது. பிறகு அது ரகசியத்தைக் கைவிட்டு, மதிப்பெண்ணில் முன்னிற்பவர்களைக் கௌரவிக்கும் சங்கமாக மாறிவிட்டது. எனவே ஒருவரின் குறிப்பில் ஃபை பேட்டா கப்பா என்று கண்டால் அது படிப்புக்குக் கிடைத்த சிறப்பு. விடுதி வாழ்க்கையோடு அதைச் சேர்த்து எழுதுவது பெரும்பிழை.

இன்று நாம் சொல்லும் பொருளில் ஃப்ரெட்டர்னிட்டி வேர்விட்ட இடம் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி. அங்கே 1825-இல் கப்பா ஆல்ஃபாவும், 1827-இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை இரண்டும் தொடங்கின. பெண்களுக்கான சொராரிட்டி என்ற சொல் பிற்பாடு வந்தது. லத்தீனில் சொரோர் என்றால் உடன்பிறந்தவள். 1874-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய காமா ஃபை பேட்டாவுக்காக அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் தந்த சொல் அது. அதற்கு முன்பே, 1867-இல் தோன்றிய பை பேட்டா ஃபை போன்ற மகளிர் அமைப்புகள் சட்டப்படி இன்றும் ஃப்ரெட்டர்னிட்டி என்ற பெயரையே வைத்திருக்கின்றன. பெயரை மட்டும் பார்த்து ஆண்கள் அமைப்பு என்று முடிவுகட்டக் கூடாது.

கறுப்பின மாணவர்கள் தமக்கென உருவாக்கிய அமைப்புகளின் வரலாறு தனி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906-இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மகளிர் அமைப்பும் தொடங்கின. தமிழ்நாட்டை வேராகக் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்தபோது சேர்ந்தது இந்த இரண்டாவது அமைப்பில். 2020 தேர்தலில் அவரை ஆதரித்து நின்ற 'சோரர்கள்' (அதே சொரோர்தான், அமைப்பின் சக உறுப்பினர்கள்) யார் என்று தமிழ் வாசகர் குழம்பியது, இந்தச் சொல்லுக்கு நம்மிடம் இணை இல்லாததால்தான்.

சேர்வது முதல் பட்டம் வரை

பெயரில் உள்ள கிரேக்க எழுத்துகளை மொழிபெயர்க்கக் கூடாது. ஒலிபெயர்க்க மட்டுமே வேண்டும். அவை பெரும்பாலும் உறுப்பினர் மட்டுமே அறிந்த ஒரு வாசகத்தின் முதலெழுத்துகள். கிரீக் லைஃப் என்று மொத்தமாகச் சொல்வதும் இந்த அமைப்புகளின் வாழ்க்கையைத்தான். அதைக் 'கிரேக்க வாழ்க்கை' ஆக்கினால் ஏதென்ஸ் போய்விடும்.

பருவத் தொடக்கத்தில் புதியவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாட்களுக்கு ரஷ் என்று பெயர். 'அவசர வாரம்' அல்ல, ஆள்சேர்ப்பு வாரம். பிடித்துப்போனால் பிட் தருவார்கள். அது ஏலக்கேள்வி அல்ல, சேரும்படி விடுக்கும் அழைப்பு. அழைப்பை ஏற்றவர் பிளெட்ஜ். இந்தச் சொல் உறுதிமொழியையும் குறிக்கும், அந்த ஆளையும் குறிக்கும். "1972-இல் பிளெட்ஜ் செய்தேன்" என்றால் "1972-இல் தகுதிகாண் உறுப்பினராகச் சேர்ந்தேன்" என்று எழுதுவதுதான் சரி. சில வாரங்கள் நீளும் அந்தத் தகுதிகாண் காலம் முடிந்து, தீட்சைச் சடங்கு நடந்த பிறகே ஒருவர் முழு உறுப்பினர். சாப்டர் என்பது அத்தியாயம் அல்ல, கிளை. லெகசி என்று ஒருவரைச் சொன்னால், அவருடைய தந்தையோ தாத்தாவோ அண்ணனோ அதே அமைப்பில் இருந்திருக்கிறார் என்று பொருள். 'வழிவழி விண்ணப்பதாரர்' எனலாம். 'பிக்' என்று சொல்வது, புதியவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகப் பொறுப்பேற்ற மூத்தவரை. தமிழில் அண்ணன் என்று எழுதிவிடலாம், ஆனால் முதல் இடத்தில் 'மன்றத்து அண்ணன்' என்று தெளிவாக்க வேண்டும் (ஃப்ரெட்டர்னிட்டியை மன்றம் என்பதற்கான காரணம் கடைசியில்). இல்லாவிட்டால் குடும்பத்தில் இல்லாத ஓர் அண்ணன் முளைத்துவிடுவார்.

தகுதிகாண் காலத்தில்தான் ஹேசிங் நுழைகிறது. இதை ராகிங் என்றோ, இலங்கை வழக்கில் பகிடிவதை என்றோ எழுதினால் பாதிதான் சரி. ராகிங் கல்லூரிக்கு வந்த எந்தப் புதியவர் மீதும் பாயும். ஹேசிங், குழுவில் இடம் பெறுவதற்கான விலையாகக் கேட்கப்படுவது. மாணவரே தலையசைத்து உள்ளே போகிறார். அதனால்தான் அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றில், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது தப்பிக்கும் வாதமாக ஏற்கப்படுவதில்லை. ஹேசிங்கில் நேரும் சாவுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கின்றன: குறைந்த நேரத்தில் அளவுக்கு மீறிய மது, மயங்கியவரைத் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடுவது, கிளைக்குத் தடை வருமே என்ற அச்சத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருப்பது. 2017-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அழைப்பை ஏற்ற இரவிலேயே படியிலிருந்து விழுந்தார், ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்துத்தான் உதவிக்கு அழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே அம்மாநிலம் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், இத்தகைய சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாகப் பதிவிட வேண்டும் என்றாக்கியது. சில அமைப்புகள் தகுதிகாண் காலத்தையே ஒழித்திருக்கின்றன: ஜீட்டா பேட்டா டௌ 1989-இலும், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இலும். தமிழில் இதற்குச் 'சேர்க்கை வதை' என்ற சொல் பொருந்தும். பகிடிவதையோடு உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும்.

அதற்குப் பிந்தைய வாழ்க்கை

நினைவுக் குறிப்புகளைத் தமிழாக்குவோர் அதிகம் தவறும் இடம் இது. பட்டம் பெற்றவுடன் உறுப்பினர் பதவி முடிவதில்லை. அவர் அலம்னஸ் ஆகிறார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை' என்று பொருள். அல்மா மாட்டர் என்பது ஊட்டிய தாய். நாம் வழக்கமாக எழுதும் 'முன்னாள்' இங்கே தவறான செய்தியைத் தருகிறது. முன்னாள் உறுப்பினர் என்றால் விலகியவர் அல்லது நீக்கப்பட்டவர். 'மூத்த உறுப்பினர்' என்பதே சரி. ஜெர்மன் மாணவர் அமைப்புகளிலும் படிப்பை முடித்தவர் 'ஆல்டர் ஹெர்', அதாவது மூத்த பெரியவர். அவர்கள் அந்த உறவை வாழ்நாள் பிணைப்பு என்றே அழைக்கிறார்கள். கறுப்பின அமைப்புகளில் பட்டதாரிகளுக்கென்றே ஊர்தோறும் கிளைகள் இயங்குகின்றன. படிப்பு முடிந்தபின் முதன்முதலாக அங்கே சேர்வோரும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தது 1952-இல், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது.

மூத்தவர்களின் பிடி கட்டடத்திலும் தெரியும். பல இடங்களில் ஹவுஸ் எனப்படும் மன்ற இல்லம், மூத்த உறுப்பினர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் சொத்து. கிளையைப் பல்கலைக்கழகம் இடைநீக்கினாலும் வீடு அவர்களிடமே இருக்கும். இருக்கும் மாணவர்கள் படித்து வெளியேறும்வரை காத்திருந்து, மறுபடி கிளையைத் தொடங்க வைப்பவர்களும் அவர்களே. அந்த இல்லத்தின் சுவரில் ஆண்டுக்கொன்றாகத் தொங்கும் காம்போசிட், எல்லோரும் வரிசையாய் நின்று எடுத்த குழுப்படம் அல்ல. தனித்தனி முகங்களை ஒரே சட்டத்துக்குள் பெயரோடு அடுக்கியது. 'முகவரிசைப் படம்' என்றால் விளங்கும். நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வருபவர் முதலில் தேடுவது அதில் தன் வரிசையைத்தான்.

கடைசிச் சொல் ஒன்று இருக்கிறது. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் இரங்கல் குறிப்பில் "ஒமேகா கிளையில் சேர்ந்தார்" என்று வரும். ஒமேகா கிரேக்க நெடுங்கணக்கின் இறுதி எழுத்து. அந்தப் பெயரில் செயல்படும் கிளை எங்கும் இல்லை, மறைந்த உறுப்பினர்களுக்காக ஒதுக்கப்பட்ட பெயர் அது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவினர் மறைந்த சகோதரியை 'மதிலுக்கு அப்பால் படர்ந்த ஐவிக்கொடி' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஒருவர் இறந்துவிட்டார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். "மறைந்தோர் கிளையில் இணைந்தார்" என்று எழுதினால் செய்தியும் கிடைக்கும், அவர்கள் வழக்கின் சாயலும் நிற்கும்.

தமிழ் இணை

'உடன்பிறப்புக் கழகம்' பொருளளவில் நெருக்கமானது. ஆனால் முரசொலியில் கருணாநிதி தொண்டர்களுக்கு எழுதிய மடல்களால் உடன்பிறப்பு என்ற சொல்லுக்கு அரசியல் முகவரி வந்துவிட்டது. கழகமும் கூடச் சேர்ந்தால் எந்தத் தமிழ் வாசகரும் ஒரு கட்சியைத்தான் நினைப்பார். சங்கம் தொழிற்சங்கத்தை நினைவூட்டும். மன்றம் மாணவர்களுக்குப் பழகிய சொல். ஆகவே முதலில் வரும் இடத்தில் 'உடன்பிறவாச் சோதரர் மன்றம்' என்று முழுதாகவும், பிறகு 'சோதரர் மன்றம்' என்று சுருக்கமாகவும் எழுதலாம். சொராரிட்டிக்குச் 'சோதரியர் மன்றம்'. அமைப்பின் பெயரோடு வரும்போது: "அவர் 1968 முதல் சிக்மா ஃபை சோதரர் மன்றத்தின் உறுப்பினர்." வினை முடிவில் 'இருந்தார்' வேண்டாம். அவர் உயிரோடு இருந்தால், இன்றும் உறுப்பினர்தான்.