செருப்பைக் கழற்றும் வீட்டில் ஆபரேஷன் ஆன கால்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் செருப்புப் பட்டறைக்குப் போன் செய்து நேரம் கேட்பவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வேன்: "பழைய செருப்பையும் எடுத்துட்டு வாங்க." பாதிப் பேருக்குக் கூச்சம். தேய்ந்துபோனதை ஒரு பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். எனக்கு அதுதான் ஜாதகம். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அது எல்லோருக்கும் உள்ளது. கட்டைவிரல் பதிந்த இடம் குழி விழுந்திருந்தால், உள் ஓரம் மட்டும் கரைந்திருந்தால், ஜோடியில் ஒன்று மட்டும் சீக்கிரம் போயிருந்தால், பின்னால் ஏதோ ஒரு கதை இருக்கும்.

கொஞ்ச நாள் முன்பு வந்த ஒரு ஆயாவின் பையில் இருந்தது வேறு மாதிரிக் கதை. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். கட்டைவிரல் மூட்டு வெளியே புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொள்ளும் கோளாறுக்கு ஆபரேஷன் ஆகி நாலு வாரம். (ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பனியன். ஒரு பெரியவர், "பனியனுக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?" என்று கேட்டிருக்கிறார்.) ஆபரேஷன் ஆனதும் ஆயாவுக்கு ஒரு ஷூ கொடுத்திருந்தார்கள். அடிப்பாகம் பலகை மாதிரி வளையாது, எடையைக் குதிகால் பக்கம் வாங்கிக்கொள்ளும், மேலே வெல்க்ரோ பட்டை. திருப்பிப் பார்த்தேன். சோல் புத்தம்புதிதாக இருந்தது.

"போடவே இல்லையா ஆயா?"

"போடாம என்ன தம்பி? ஆஸ்பத்திரிக்குப் போவறப்பலாம் அதப் போட்டுட்டுத்தான் போறேன். வூட்டுக்குள்ள எப்படிச் செருப்போட நடக்கிறது, சாமி இருக்கிற வூடு."

ஆயா மேல் தப்பே இல்லை. "நடக்கும்போதெல்லாம் போடுங்க" என்று அங்கே சொல்லியிருப்பார்கள். அது நம் காதில் "வெளியே போகும்போதெல்லாம்" என்றுதான் விழும். செருப்பு என்றாலே வாசலில் விடுகிற பொருள். ஆபரேஷன் ஆனவர் முதல் ஆறு வாரம் எங்கே நடக்கிறார்? கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து டிவி. அத்தனையும் வெறுங்காலில். வளையாத சோல் ஆட்டோவில் ஏறி இறங்க மட்டும் பயன்பட்டிருக்கிறது.

வெறுங்காலில் நடந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு எட்டின் கடைசியிலும் கட்டைவிரல் மூட்டு மேல்நோக்கி மடங்கி, உடம்பின் எடையை முன்னே தள்ளிவிடும். இந்த மாதிரி ஆபரேஷனில் பெரும்பாலும் எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்குரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். அந்த எலும்பு ஒட்டிக்கொள்ள ஆறு வாரமாவது வேண்டும், சிலருக்கு இன்னும் அதிகம். அதுவரை அந்த மூட்டு மடங்கக் கூடாது, முன்பாதத்தில் பாரம் விழக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளத்தான் அந்த ஷூ. வாசலில் கிடக்கிற ஷூ எதைப் பார்த்துக்கொள்ளும்?

அதனால் இப்போதெல்லாம் காலை அளப்பதற்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். தரை டைல்ஸா, சிமெண்டா? கக்கூஸ் உட்காரும் ரகமா, குத்த வைக்கும் ரகமா? குத்த வைத்தால் விரல்கள் முழுசாக மடங்கும், தையல் போட்ட காலுக்கு அது ஆகாது. வெஸ்டர்ன் இல்லாத வீடென்றால் நடுவில் ஓட்டை உள்ள ஸ்டூல் ஒன்று வாங்கச் சொல்வேன். வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்றும் கேட்பேன். செருப்புக்காரன் எதற்கு இதையெல்லாம் கேட்கிறான் என்று கூட வந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஆயாவுக்குச் செய்தது வீட்டுக்கென்றே தனியாக இரண்டாவது ஒன்று. டாக்டர் கொடுத்ததை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. அவரிடம் கேட்டு, அதே வேலையைச் செய்கிற மாதிரி இன்னொன்று செய்யலாம். தோல் வேண்டாம், பூஜை அறைப் பக்கம் சங்கடம். மேலே துணி, உள்ளே ஈ.வி.ஏ. என்கிற மெத்து ஃபோம் ஷீட், இரண்டு அடுக்குக்கு நடுவே விறைப்பான பிளாஸ்டிக் தகடு. கையால் மடக்கிப் பார்த்தால் மடங்கக் கூடாது. வளையாத சோலில் நடக்கக் கால் உருள வேண்டும். அதனால் விரல்கள் தொடங்கும் எலும்பு முடிச்சுக்குச் சற்றுப் பின்னாலிருந்தே அடிப்பாகத்தை முன்பக்கம் மேலே வளைத்துவிட வேண்டும், ஆடும் நாற்காலியின் கால் மாதிரி. அடியில் டைல்ஸில் வழுக்காத ரப்பர். நிறம் வேண்டுமென்றே மஞ்சள். வெளியே போட்டதில்லை என்று பார்த்ததும் தெரிய வேண்டும், அதற்காக. வீட்டார் மனசு ஒப்ப வேண்டுமே.

நம் ஊரில் எல்லோர் காலிலும் இருக்கும் ஹவாய் செருப்புக்கு வருகிறேன். அது நல்ல செருப்புத்தான், நானும் போடுகிறேன். ஆனால் அதற்குப் பின்வார் கிடையாது. கழன்று போகாமல் இருக்க, ஒவ்வொரு அடியிலும் விரல்கள் மடங்கி அதைக் கவ்விப் பிடிக்கின்றன. நமக்கே தெரியாமல் நடக்கிற வேலை அது. டாக்டர் நேராக்கி விட்ட விரலை, தளர்த்தி விட்ட தசைநாரை, இந்தச் செருப்பு நாள் முழுக்கப் பழைய பக்கமே இழுக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு விரல் இடுக்கில் வார் உரசிப் புண்ணும் வரும். விரலால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய எதுவும் ஆபரேஷன் ஆன காலுக்கு வேண்டாம். பின்வார் கட்டாயம்.

சரி, நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒருவருக்கு ஆபரேஷன் ஆன ஐந்தாவது வாரத்திலேயே, காலை பத்து மணிக்கு அளவெடுத்து, நிரந்தர ஷூ செய்து கொடுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. அன்று சாயங்காலமே கால் உள்ளே போகவில்லை. நாலு மாதம் கழித்து அதே ஷூவில் கால் லொடலொடவென்று ஆடியது. எலும்பு கூடினாலும் வீக்கம் அடங்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் கூட. போதாததற்குக் காலையில் இருக்கிற கால் மாலையில் இருக்காது. இப்போது வீக்கம் அடங்கும்வரை தளர்த்தி இறுக்குகிற மாதிரி மட்டும்தான் செய்கிறேன். அளவெடுப்பது சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான். அவசரப்படுத்துகிறவர்களிடம், "இப்ப செஞ்சா ரெண்டு தடவ காசு கொடுக்கணும்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அளவெடுப்பதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். வெள்ளைத்தாளில் முழு எடையோடு நிற்க வேண்டும் (டாக்டர் நிற்கச் சொல்லியிருந்தால் மட்டும்). இன்னொருவர் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பேனா உள்பக்கம் சாய்ந்தால் கால் சின்னதாகிவிடும், அதுவே நிறைய நடக்கிறது. வரைந்த தாளின் மேல் இப்போது போடுகிற செருப்பை வைத்துப் பாருங்கள். முன்பாதக் கோடு செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பலர் சிரித்திருக்கிறார்கள், சிலர் மௌனமாகியிருக்கிறார்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலமாவது இடம் வேண்டும்.

அப்புறம் எம்.சி.ஆர். எங்கே போனாலும் "எம்.சி.ஆர். செருப்பு" என்று விற்கிறார்கள். மைக்ரோ செல்லுலர் ரப்பர், நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்து ரப்பர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாமல் போனதால்தான் தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகிச் சிதைகிறது என்பதை விளக்கியவர். அவரும் உடன் இருந்தவர்களும் வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் பாதத்தைக் காப்பாற்றச் செய்த வேலையில் வளர்ந்தது இந்த எம்.சி.ஆர். செருப்பு. நம் பக்கத்துச் சரக்கு. நல்ல எம்.சி.ஆர். மென்மையானது, ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் அளவில் 15-ஐ ஒட்டி இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். கடையில் அதே நிறத்தில் கல்லு மாதிரி இருப்பதையும் அதே பெயரில் கொடுக்கிறார்கள். இன்னொன்று, மெத்து மட்டும் போதாது, அடியில் கெட்டியான சோல் வேண்டும். நம் ஊர் கருவேல முள்ளுக்கு மெத்து ரப்பர் ஒரு பொருட்டே இல்லை. உணர்ச்சி போன காலில் முள் குத்தியது தெரியாமலே நாலு நாள் நடந்துவிட்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். செருப்பைப் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், ஒவ்வொரு முறையும்.

சர்க்கரை இருப்பவர்கள் புதுச் செருப்பை முதல் நாளே கோயிலுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம். கழற்றிப் பார்த்தால் எங்காவது சிவந்திருக்கிறதா? அரை மணிக்கு மேலும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் அங்கே செருப்பு அழுத்துகிறது, என்னிடம் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

யாரும் கவனிக்காதது மற்றக் கால். ஆபரேஷன் ஆன காலுக்குக் கொடுக்கும் ஷூவோ பூட்ஸோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்கும். மற்றக் காலில் ஒன்றுமில்லை, அல்லது தேய்ந்த ஹவாய். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ரெண்டு வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது, முதுகு வலிக்கிறது என்பார்கள். பின்னால் நின்று வேட்டி, புடவையின் கீழ்க்கரையைப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நல்ல காலின் செருப்பில் அந்த உயரத்துக்கு ஒரு ஷீட்டை ஒட்டிக் கொடுத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. பட்டறையில் நான் செய்வதிலேயே அதிக நன்றி கிடைப்பது இதற்குத்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் ஒரு அக்கா. குதிகால் தசைநார் அறுந்து தைத்தது. டாக்டர் பூட்ஸை எடுத்து, குதிகாலுக்கு அடியில் மூன்று துண்டு வைத்த செருப்புக்கு மாற்றச் சொன்ன கட்டம் அது. அந்தத் துண்டுகளை டாக்டர் சொல்லும் கணக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, தசைநாரைச் சிறுகச் சிறுக நீள விடுவார்கள். வெல்க்ரோ வைத்துக் கொடுத்தேன். பத்தே நாளில் வந்து, "இது ஒட்டவே மாட்டேங்குது தம்பி" என்றார். பட்டையைப் பிரித்தால் கொக்கிகளுக்குள் மணல், மீன் செதில், தலைமுடி, கொஞ்சம் மல்லிகைப்பூ நார். பழைய சீப்பால் கீறி எடுத்தேன், அது மறுபடி ஒரு வாரம் தாங்கியது. கடற்கரை ஊர்க்காரன், எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பக்கிளாக மாற்றினேன். கை விரல்களில் வாதம் இருப்பவர்களுக்கு மட்டும் பக்கிள் சிரமம், அவர்களுக்கு வெல்க்ரோதான், கூடவே ஒரு பழைய சீப்பு.

பைக் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கேட்பதே இல்லை. கியர் இடது காலில். மேலே தூக்கிப் போடுகிற கியர் கட்டைவிரல் மூட்டின் மேலேயேதான் இடிக்கும். இடது காலில் ஆபரேஷன் என்றால் டாக்டர் சரி சொல்லும்வரை பின்சீட்டுத்தான். வலது கால் என்றால் பிரேக் இருக்கிறது, சொல்லவே வேண்டாம்.

கல்யாணம், கோயில். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளென்றால் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். பேத்தி கல்யாணத்துக்குப் போகாதே என்று நான் யாருக்குச் சொல்ல முடியும்? ஆனால் உச்சி வெயிலில் கல் தரையில் உணர்ச்சி குறைந்த கால் கொப்பளித்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியவருகிறது. மண்டபத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்யுங்கள். மாசி மகத்துக்குக் கடல் மணலில் வெறுங்காலில் இறங்குவது தையல் ஆறாத காலுக்கு எந்த வருடமும் வேண்டாம். காயத்தில் நீர், சீழ், நாற்றம், காய்ச்சல் என்றாலும், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் என்னைத் தேடி வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆயா ஒரு மாதம் கழித்து வந்தார். மஞ்சள் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் அழகாகத் தேய ஆரம்பித்திருந்தது, முன்பக்கம் அப்படியே. சந்தோஷமாக இருந்தது. சோலின் கோடுகளுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தேய்த்தேன். கோலமாவு.

"வீட்டுச் செருப்புன்னு சொன்னேனே ஆயா, வாசலுக்கு எப்படிப் போச்சு?"

"வாசலும் வூடுதானே தம்பி" என்றார்.