தழைச்சத்துக் கணக்கு: காம்ஃப்ரியும் கீரையும் தீவனமாகும் கதை

நைட்ரஜனுக்கு நம் விவசாயிகள் வைத்திருக்கும் பெயர் தழைச்சத்து. பொருத்தமான பெயர்தான். தழை செழிப்பது அதனால், தழைக்குள் புரதம் சேர்வதும் அதனால். வீட்டுக்குப் பின்னால் நாலு ஆடும் பத்துக் கோழியும் வைத்திருப்பவர் புண்ணாக்கு விலையைக் கேட்டுவிட்டு, நாமே ஏதாவது தழை வளர்த்துப் போடலாமே என்று தேடினால் இரண்டு பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று காம்ஃப்ரி என்கிற குளிர்நாட்டுச் செடி. இன்னொன்று நமக்குப் பழகிய தண்டுக்கீரை வகையறா. இரண்டும் புரதம் நிறைந்தவை, வெட்ட வெட்டத் தழைப்பவை. இரண்டிலும் ஒரு வில்லங்கமும் உண்டு. அந்தப் புரதமும் அந்த வில்லங்கமும் ஒரே சரக்கில் செய்தவை.

காம்ஃப்ரி தீவனமானதே ஒரு தோல்வியால்தான். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஹென்றி டபுள்டே என்று ஒருவர் இருந்தார். தபால்தலையின் பின்புறம் தடவும் பசைக்குச் செடிச்சாறு தேடியவர். காம்ஃப்ரியை நசுக்கினால் வெண்டைக்காய் போல வழவழவென்று கூழ் வரும். அதை நம்பி 1870களில் ரஷ்யாவிலிருந்து செடிகளை வரவழைத்தார். பசை சரிப்படவில்லை. ஆனால் வந்த செடிகள் ஒரு கலப்பினம், அசுர வளர்ச்சி. மிச்ச வாழ்நாளெல்லாம் அதன் பின்னாலேயே போய்விட்டார். 1950களில் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் அதே வட்டாரத்தில் உள்ள பாக்கிங் என்ற ஊரில் நிலம் எடுத்து, கிடைத்த வகைகளையெல்லாம் நட்டு எண் கொடுத்துப் பிரித்தார். இன்றைக்கும் தோட்டக்காரர்கள் தேடி வாங்கும் 'பாக்கிங் 14' அதில் ஒன்று. அது விதை வைக்காது, வேர்த்துண்டை நட்டால்தான் உண்டு. விரல்கணு அளவு வேர் போதும். அதனாலேயே இடத்தை யோசித்து நட வேண்டும். பிறகு மனம் மாறித் தோண்டினால் கோரைக்கிழங்கு மாதிரி விட்ட துண்டெல்லாம் முளைத்து வரும்.

இலையைத் தொட்டவர் மறக்க மாட்டார். பூசணி இலையின் சுணை தெரியுமல்லவா, அதைவிட அழுத்தமாகக் கையில் உறுத்தும். பச்சையாகப் போட்டால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வதும் உண்டு. வெட்டி ஒரு நாள் வாடவிட்டால் சுணை மசிந்துவிடும், அப்புறம் தின்னும்.

இந்தச் செடியை விற்பவர்கள் அதன் ஆழமான வேரைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். வேர் ஆழமாகப் போவது உண்மைதான். ஆனால் புரதம் ஆழத்திலிருந்து ஊற்றெடுத்து வருவதில்லை. அகத்திக்கும் வேலிமசாலுக்கும் வேரில் முடிச்சுகள் உண்டு. அதில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். காம்ஃப்ரிக்கு அந்த வசதி இல்லை, கீரைக்கும் இல்லை. மண்ணில் இருப்பதை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: 10 கிலோ பச்சை இலையில் ஒன்றேகால் கிலோ உலர்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சமெல்லாம் தண்ணீர். அந்த உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்றால் 250 கிராம். புரத எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 40 கிராம். ஒவ்வொரு 10 கிலோ வெட்டும்போதும் கிட்டத்தட்ட 90 கிராம் யூரியாவுக்குச் சமமான தழைச்சத்து மண்ணைவிட்டுப் போகிறது. திருப்பிப் போடாவிட்டால் மூன்றாம் நான்காம் வெட்டில் இலை மஞ்சளடிக்கும். அதனால்தான் இந்தச் செடிக்குக் கோழி எருவைத் தாராளமாகப் போடச் சொல்கிறார்கள். இலவசப் புரதம் என்று நாம் நினைப்பது, கொட்டகையிலிருந்து போன எரு சுற்றிக்கொண்டு திரும்பி வருவதுதான்.

சரி, வில்லங்கத்துக்கு வருவோம். தரிசில் முளைக்கும் தேள்கொடுக்குச் செடியைப் பார்த்திருப்பீர்கள். பூங்கொத்து தேளின் வால் மாதிரிச் சுருண்டிருக்கும். காம்ஃப்ரியின் பூங்கொத்தும் அப்படித்தான் சுருளும், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். குடும்பச் சொத்தாக இரண்டுக்கும் கிடைத்திருப்பது பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு. நைட்ரஜன் வளையத்தைச் சுற்றிக் கட்டிய மூலக்கூறு அது. பூச்சி தின்னாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. தின்ற விலங்கு உடனே விழுந்துவிடாது. கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றப் பார்க்கும்போதுதான் கெடுதலே பிறக்கிறது. உடைந்த துண்டு பக்கத்திலுள்ள செல்களின் டிஎன்ஏவோடும் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெல்ல அடைபடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேரும் சேதம் இது. 1970களில் ஆப்கானிஸ்தானில் தேள்கொடுக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு களையின் விதை கோதுமையில் கலந்து, ரொட்டி தின்ற ஊர் மக்கள் வயிறு வீங்கிச் செத்தார்கள். காம்ஃப்ரி கலந்த உணவுச் சத்துப்பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் சொன்னது.

ஆடும் செம்மறியும் மாடு, குதிரை, பன்றியைவிட இதை நன்றாகத் தாங்கும். இரைப்பை நுண்ணுயிர்களும் கல்லீரலும் நஞ்சின் வீரியத்தைக் குறைத்துவிடுகின்றன. இருந்தாலும் பாலிலும் முட்டையிலும் கொஞ்சம் வந்து சேரும். என் கணக்கில் காம்ஃப்ரி முழுத் தீவனம் ஆகாது, எப்போதாவது ஒரு பிடி போதும். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் பலர் அதைப் பீப்பாயில் ஊறவைத்துத் தக்காளிக்கு ஊற்றுகிறார்கள். நாற்றம் குடலைப் புரட்டும் என்றாலும் அது நல்ல உபயோகம்தான். நம் சமவெளி வெயிலில் இந்தச் செடிக்காக மெனக்கெடுவது தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது.

ஏனென்றால் வெயிலுக்கென்றே பிறந்த செடி நம்மிடம் இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் காற்றின் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கு ஒரு பலவீனம் உண்டு: வெப்பம் ஏற ஏற, கரியமில வாயு என்று நினைத்து ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தப்பைத் திருத்துவதிலேயே செடியின் சக்தி வீணாகும். கரும்பு, சோளம், மக்காச்சோளம் போலக் கீரையும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. தப்புச் செய்யாத வேறொரு நொதி வெளிச்செல்களில் வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்களில் கொண்டுபோய்க் குவிக்கும். அந்த நெரிசலில் முதல் நொதிக்கு ஆக்ஸிஜனைத் தொட நேரமே இருக்காது. முளைக்கீரை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள், நரம்போரங்கள் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும். அந்த வேலை நடக்கும் இடம் அதுதான். இலைத்துளையை அதிகம் திறக்காமலே பிழைப்பதால் தண்ணீரும் மிச்சம். குப்பைக்கீரை யாரும் ஊற்றாமலே குப்பைமேட்டில் தளதளக்கிறதே, அதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் குப்பைமேடு. அங்கே தழைச்சத்து கொட்டிக் கிடக்கிறது, கீரை பேராசைக்காரச் செடி. நைட்ரேட் என்ற உப்பாக உறிஞ்சிய தழைச்சத்தைப் புரதமாக்க வெயில் தரும் சக்தி வேண்டும். மூட்டமான நாளிலும், வறட்சியில் வாடும்போதும், யூரியா அள்ளிப் போட்டபோதும் உறிஞ்சுவது ஒரு வேகம், புரதமாக்குவது ஒரு வேகம். மிச்சம் தண்டின் அடியில் நைட்ரேட்டாகவே தங்கிவிடும். ஆட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அம்மோனியாவாக்கி, தங்கள் உடம்பாகவே கட்டிக்கொள்ளும். அளவோடு போனால் அது தீவனமே. ஒரேயடியாகப் போனால் நைட்ரைட் தேங்கி ரத்தத்தில் ஏறி, ஆக்ஸிஜன் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும், விலங்கு மூச்சு வாங்கி விழும். இளஞ்சோளம் மேய்ந்த மாடும் இப்படித்தான் திடீரென்று விழும் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே நஞ்சு சயனைடு, இது வேறு.

ஆகவே மழை மூட்டம் கலைந்து ஒன்றிரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, பிற்பகலில், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுப்பது நல்லது. காயவைத்தால் நைட்ரேட் போகாது, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தினால் நன்றாகக் குறையும். பசித்த ஆட்டுக்கு முதலில் வைக்கோலும் கொஞ்சம் தவிடும் போட்டுவிட்டுக் கீரையை நீட்டுங்கள். தவிட்டின் மாவுச்சத்து இருந்தால்தான் நுண்ணுயிர்களுக்கு நைட்ரைட்டை அம்மோனியாவாக்கத் தெம்பு வரும். முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் இரண்டு என்று பழக்கலாம். பன்றி வளர்ப்பவர்கள் மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்: பன்றிகள் முற்றிய காட்டுக்கீரையை நிறையத் தின்றால் சில நாளில் சிறுநீரகம் பழுதாவது தெரிந்த விஷயம். அவற்றுக்குக் கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் போடுவதே வழக்கமாக இருக்கட்டும்.