அச்சில் தன் பெயரைப் பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது?

உங்களைப் பற்றிய செய்தி வந்திருக்கும் பக்கத்தைப் பிரித்ததும், படிக்கத் தொடங்கும் முன்பே கண் பெயரில் போய் நின்றுவிடும். பக்கமே அந்தப் பெயரைத் தூக்கிக் காட்டுவதுபோல் இருக்கும். ஆனால் விழித்திரையில் எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது, பார்வைக் கோணத்தில் சுமார் 2 பாகைதான். 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் படிக்கும் தாளில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். அதற்கு வெளியே எழுத்துகள் மங்கிவிடும். கண் ஓரிடத்தில் கால் நொடி நின்று, தாவி, மறுபடி நின்றுதான் பக்கத்தை மேய்கிறது. அப்படி மேயும்போது வேறொரு சொல்லை அடையாளம் காண எவ்வளவு தடயம் வேண்டுமோ, சொந்தப் பெயருக்கு அதைவிடக் குறைவே போதும். அரைகுறையாகத் தெரிந்தாலே மூளை பிடித்துக்கொள்ளும். பெயர் கண்ணில் படாமல் தாண்டிப்போன பக்கங்கள் நினைவில் இருப்பதில்லை. அதனால்தான் இந்தத் திறன் மாயம்போலத் தோன்றுகிறது.

நெவில் மோரே என்ற உளவியலாளர் 1959இல் இதைக் காதில் சோதித்தார். இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சு ஓடும். ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றக் காதில் ஒரே சொல்பட்டியலை 35 தடவை ஓடவிட்டும் அது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் அதே காதில் அவரவர் பெயர் வந்தபோது 12 பேரில் 4 பேர் கவனித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது குறைவுதான். ஆனாலும் வேறெந்தச் சொல்லும் கடக்காத தடுப்பை அது கடந்தது.

கண்ணில் இதே சோதனையைச் செய்தவர்கள் ஏரியன் மாக்கும் இர்வின் ராக்கும். 1998இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது. வேறொரு வேலையில் கவனம் குவிந்திருக்கும்போது திரையில் சொந்தப் பெயர் மின்னி மறைந்தால் பெரும்பாலோர் பார்த்துவிடுகிறார்கள். பெயரில் ஒரே ஒரு உயிரெழுத்தை மாற்றிவிட்டால் பலர் தவறவிடுகிறார்கள். ஆக, மூளையில் இருக்கும் அச்சு அவ்வளவு துல்லியமானது. 'கண்ணன்' என்பது 'கன்னன்' என்று அச்சாகியிருந்தால் ஊர் முழுவதும் சரியாகவே படித்துவிட்டுப் போகும். கண்ணனுக்கு மட்டும் அது முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். பெயர்ப்பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர்களை அற்பமானவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பிழை அவர்களுக்குத்தான் முழு அளவில் தெரிகிறது.

மண்டையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தால், சொந்தப் பெயர் வந்து ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து ஓர் அலை எழும்புவதைப் பார்க்கலாம். மற்றவர் பெயர்களுக்கு வருவதைவிட அது உயரமானது. நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் மூளை 'இது என்னைப் பற்றியது' என்று முத்திரை குத்திவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொல்லும் அந்த முத்திரையோடுதான் உள்ளே போகும். 1977இல் ராஜர்ஸ், கைப்பர், கிர்க்கர் என்ற மூவர் ஒரு பண்புச்சொல் பட்டியலை நான்கு விதக் கேள்விகளோடு காட்டினார்கள். எழுத்து பெரிதா சிறிதா, எதுகை பொருந்துகிறதா, இன்ன சொல்லின் பொருள்தானா, இந்தச் சொல் உங்களுக்குப் பொருந்துமா என்பவை அந்தக் கேள்விகள். கடைசிக் கேள்வியோடு வந்த சொற்கள்தான் அதிகம் நினைவில் நின்றன. செய்தியில் உங்களைப் பற்றி வந்த 'பிடிவாதக்காரர்' என்ற ஒரே சொல் பத்து வருடம் கழித்தும் எந்தப் பத்தியில் இருந்தது என்பதோடு நினைவுக்கு வருவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் மறுநாளே இருக்காது.

அவருக்கும் இருக்கும் என்றுதான் நாம் கணக்குப் போடுகிறோம். டாமஸ் கிலோவிச் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு மாட்டி, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அச்சில் வந்த செய்திக்கும் இதே மிகைக்கணக்கு ஓடும்.

அடுத்து வருவது, 'நான் இப்படிச் சொல்லவே இல்லையே' என்ற திகைப்பு. இதில்தான் பெரும்பாலான மனக்கசப்பு தொடங்குகிறது.

முதலில் அளவைப் பாருங்கள். நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 130 சொற்கள் பேசுவார் என்று வைத்தால், அரை மணிப் பேட்டியில் 3,900 சொற்கள். 300 சொல் செய்தியில் மேற்கோளுக்குள் உங்களுக்குக் கிடைப்பது 40 சொற்கள் என்றால், பேசியதில் ஒரு சதவீதம்தான் அச்சேறுகிறது. எந்த ஒரு சதவீதம் என்பதை நிருபர் தேர்ந்தெடுக்கிறார். தலைப்பைப் பெரும்பாலும் அவர் எழுதுவதில்லை. பக்கத்தில் கிடைத்த இடத்துக்குப் பொருந்தும்படி உதவி ஆசிரியர் எழுதுகிறார். இடம் போதாவிட்டால் செய்தி கடைசிப் பத்தியிலிருந்து வெட்டப்படும். நீங்கள் பொறுப்பாகச் சேர்த்த 'ஆனால்' அங்கே இருந்திருக்கலாம்.

அடுத்தது பேச்சு எழுத்தாகும் விதம். இப்படி ஒருவர் பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இல்ல, அது வந்து… மொதல்ல மூணு தடவ செஞ்சு பார்த்தோம், சரியா வரல, விட்டுடலாமான்னுகூடத் தோணுச்சு, அப்புறம் சூட்டக் கொஞ்சம் கொறச்சதும்தான் பிடிபட்டுச்சு." அச்சில் வருவது: "மூன்று முறை தோல்வியடைந்து, கைவிட நினைத்தோம். வெப்பத்தைக் குறைத்ததும் வெற்றி கிடைத்தது." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'சரியா வரல' என்பது 'தோல்வி'யாகவும், 'தோணுச்சு' என்பது 'நினைத்தோம்' ஆகவும், 'பிடிபட்டுச்சு' என்பது 'வெற்றி'யாகவும் ஏறிவிட்டது. 'கொஞ்சம்' காணாமலே போய்விட்டது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கும்போது தயக்கமும் பணிவும்தான் முதலில் உதிர்கின்றன. மிச்சமிருக்கும் ஆள் உங்களைவிட உறுதியானவராக, கொஞ்சம் கர்வக்காரராகத் தெரிவார். இந்த இழப்பைத் தவிர்க்க நல்ல நிருபர்கள் ஒன்றிரண்டு பேச்சுச் சொற்களை அப்படியே விட்டுவைப்பார்கள். அதைக் கொச்சை என்று குறைசொல்வது தவறு.

உங்கள் நினைவும் இங்கே சரியான சாட்சி ஆகாது. ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் காட்டியது இது: ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு 80 அசை அளவுக்கு மேலும் பேச்சு ஓடிவிட்டால், கேட்டவருக்குப் பொருள் மட்டுமே மிஞ்சுகிறது, சொல்லமைப்பு போய்விடுகிறது. பொருளை மாற்றிக் காட்டினால் கண்டுபிடிக்கிறார்கள், சொற்களை இடம் மாற்றினால் தெரிவதில்லை. சொன்னவர் கதையும் இதேதான். அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் அவருடைய சட்ட ஆலோசகர் ஜான் டீன் சொன்ன சாட்சியத்தை, வெள்ளை மாளிகை ஒலிநாடாவோடு உளவியலாளர் உல்ரிக் நைஸர் 1981இல் ஒப்பிட்டார். நடந்தவற்றின் சாரம் சரி, டீன் அவ்வளவு திட்டமாகச் சொன்ன வார்த்தைகள் பல ஒலிநாடாவில் இல்லை. ஆகவே நீங்களும் நிருபரும் இருவருமே உண்மையாக நம்பி, இரண்டு வெவ்வேறு வாக்கியங்களைச் சொல்ல முடியும். ஒலிப்பதிவு இருந்தால்தான் தீர்ப்பு.

படம் வந்திருந்தால் அதுவும் பிடிக்காது. தினமும் கண்ணாடியில் பார்ப்பது இடவலம் மாறிய முகம். மற்றவர்கள் பார்ப்பது மாறாத முகம். 1977இல் மீட்டாவும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆய்வில், ஒரே ஆளின் இரு படங்களில் அந்த ஆள் கண்ணாடி முகத்தையும், நண்பர்கள் நேர்முகத்தையும் விரும்பினார்கள்.

செய்தி சாய்வாக எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1982இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்டது பற்றிய ஒரே தொலைக்காட்சித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அது தங்களுக்கு எதிராகச் சாய்கிறது என்று இரு தரப்புமே சொன்னது. விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குச் சாய்வும் அதிகமாகத் தெரிந்தது. 1985இல் வெளியான முடிவு இது. உங்களைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யார்? விடுபட்ட ஒவ்வொன்றும் உங்களுக்கு மறைப்பாகவே படும்.

புகழ்ச்சிக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே குணக்குறிப்பை, 'உங்களுக்கென்றே எழுதியது' என்று கொடுத்தார். பொருத்தத்துக்கு 5க்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 4.3. 1949இல் அவர் இதை வெளியிட்டார். 'எளிமையானவர், ஆனால் மனவுறுதி மிக்கவர்' என்ற வரி யாருக்கும் பொருந்தும். அதைப் படித்து நெகிழ்ந்து, கீழே இருக்கும் தப்பான தேதியைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

ஆகவே வேலையைப் பேட்டி முடிந்த அன்றே தொடங்குங்கள். என்ன கேட்டார்கள், என்ன எண்கள் சொன்னீர்கள் என்று அரைப்பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். காரணம், அச்சான வாசகம் நினைவுக்குள் புகுந்துவிடும். லாஃப்டஸும் பாமரும் 1974இல் கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, 50 பேரிடம் 'இடித்தபோது' என்றும் 50 பேரிடம் 'நொறுக்கியபோது' என்றும் வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 7 பேர் சொன்னார்கள், இரண்டாவதில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

செய்தி வந்ததும் முதல் வாசிப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூடிவைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பேனாவோடு உட்காருங்கள். உறுத்தும் இடங்களுக்கு மூன்று குறிகள் போதும்: தகவல் பிழை, சொல் மாற்றம், அழுத்தம் அல்லது விடுபாடு. பெயர், எண், தேதி, பதவி, யார் செய்தது என்பவை முதல் வகை. இதற்கு மட்டும்தான் திருத்தம் கேட்டால் கிடைக்கும். இரண்டாவது வகை பொருளையே மாற்றியிருந்தால், ஒலிப்பதிவு இருந்தால், எழுதலாம். மூன்றாவதைச் சேர்த்து அனுப்பினால் முதல் வகையும் புகார்க் குவியலுக்குள் அமுங்கிவிடும்.

திருத்தக் கடிதத்தில் நாள், பக்கம், அச்சான வரி, சரியான வரி, ஆதாரம் ஆகிய ஐந்தும் ஆறேழு வரிக்குள் இருக்கட்டும். 'அது தவறு' என்று மட்டும் எழுதாதீர்கள். ஜான்சனும் சைஃபெர்ட்டும் 1994இல் ஒரு கிடங்குத் தீவிபத்துச் செய்தியை வைத்து இதைச் சோதித்தார்கள். அலமாரியில் பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் இருந்ததாகச் சொல்லிவிட்டு, பிறகு அலமாரி காலி என்று மறுத்தார்கள். மறுப்பைப் படித்தவர்களும் தீக்குக் காரணம் கேட்டபோது பெயின்ட்டையே சொன்னார்கள். வேறொரு காரணத்தைத் தந்தபோதுதான் பழையது தளர்ந்தது. 'அவர் விலக்கப்படவில்லை' என்ற திருத்தம் பாதி வேலைதான் செய்யும். 'அவர் ஓய்வுபெற்றார்' என்றால் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள ஒன்று கிடைக்கும். இதழின் இணையப் பதிப்பிலும் மாற்றச் சொல்லுங்கள். பின்னால் எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் எடுப்பார்கள்.

கடிதத்தை அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களை அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் செய்தியைப் படிக்கக் கொடுத்து, மறுநாள் தாளைக் காட்டாமல் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி, உங்கள் மூன்று குறிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பதற்குத்தான் முதலில் திருத்தம் கேட்க வேண்டும்.