மீ டைம்: தமிழில் ஒழிச்சல்

வீடு, வேலை, கைப்பேசி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரத்தை ‘மீ டைம்’ என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ‘எனக்கான நேரம்’ என்று எழுதலாம். பொருள் சரிதான், பேச்சில் ஒட்டவில்லை.

‘தனிமை’? போர்க்களத்தில் கைவிட்டு ஓடும் குதிரை போன்ற உறவைவிடத் தனிமை மேல் என்கிறது குறள் 814. அங்கேயும் அது வேறு வழியில்லாமல் ஏற்பதுதான். ‘தனிமையில் வாடுகிறார்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ‘ஏகாந்தம்’ அழகான வடசொல். திருமலையில் நாள் முழுக்கத் தரிசனம் கொடுத்த பெருமாளை இரவில் துயில வைப்பதற்கு ஏகாந்த சேவை என்றே பெயர். ஆனால் சமையலறையில் நின்றுகொண்டு சொல்ல வராது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது ‘ஒழிச்சல்’. இன்று ‘ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்’ என்ற தொடரில்தான் பெரும்பாலும் அதைக் கேட்கிறோம். ‘ஒழி’ என்றதும் ஊழல் ஒழிப்பும் ‘ஒழிக’ கோஷமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குக் காலியாதல் என்ற பொருளும் உண்டு. குடியிருந்த வீட்டை ஒழித்துக் கொடுக்கிறோம், விருந்தாளிக்கு அறையை ஒழித்துப் போடுகிறோம். மலையாளத்தில் ‘ஒழிவு’ என்றால் ஓய்வு, காலியிடம் இரண்டும்தான். விடுமுறை நாள் அங்கே ‘ஒழிவு தினம்’.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அம்மா பின்வாசல் படியில் வந்து உட்காருவார். “இப்பத்தான் கை ஒழிஞ்சுது” என்பார். அப்போது மணி இரண்டரை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். மூன்றரைக்குப் பால்காரர் மணியடித்தால் எழுந்துவிடுவார்.

இலக்கணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒழிதல் தன்வினை, ஒழித்தல் பிறவினை. அம்மாவுக்கு வேலையெல்லாம் முடிந்த பிறகு நேரம் தானாக ஒழிந்தது. ஒழியாத நாட்கள்தான் அதிகம். அவர் ஒருநாளும் நேரத்தை ஒழித்துக்கொண்டதில்லை. தன்னைக் கவனித்துக்கொள்வதைத் ‘தன்னலம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சொல்லில் உள்ள ‘நலம்’ யார் காதிலும் விழுவதில்லை.

‘ஆறிலிருந்து ஏழு வரை எனக்கு ஒழிச்சல்’ என்று போன வாரம் வீட்டில் சொன்னேன். அப்புறம் யாரும் கதவைத் தட்டவில்லை.